ஏசம்மாளின் கைராசி

"ஏட்டி அன்னத்தாயி, இந்தக் கோழி அடைக்கு உக்காந்திருச்சு. பதினோரு முட்டை இருக்கு. உன் கையால வச்சுவிடு."

கக்கத்தில் இருந்த கோழியையும் முட்டை இருந்த ஓலைப்பெட்டியையும் வாசலில் இறக்கிவிட்டு ஏசம்மாள் நின்றாள். அன்னத்தாய் இரண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"நானா? வேண்டாங்க்கா. நான் தொட்டா வெளங்காது. தெருவுக்கே தெரியுமே."

தெருவுக்குத் தெரியத்தான் செய்யும். ராஜபாளையத்தில் அந்த மாதா கோயில் தெருவில் யார் வீட்டுக் கோழி அடைக்கு உட்கார்ந்தாலும் முட்டை வைக்க ஏசம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் கிருஷ்ணன்கோவில் பக்கமிருந்து குடிவந்தவள். கல்லுக்குண்டு மாதிரி இரண்டு ஆண்பிள்ளைகள். ராசியான கை என்று பேர்.

அன்னத்தாய்க்கும் ஒரு பேர் உண்டு. இரண்டு பிள்ளை பெற்றாள். இரண்டும் தங்கவில்லை. அதற்கப்புறம் யாராவது கொல்லையில் சுரை விதை ஊன்றும்போது அவள் வந்தால், கையை நிறுத்திவிட்டு வேறு பேச்சுப் பேசினார்கள். முதலில் ஊர் சொன்னது. பிறகு அவளே சொல்லத் தொடங்கிவிட்டாள். ஊர் சொன்னதைக் காட்டிலும் இதுதான் கொடுமை.

இப்போது மறுபடியும் நாலு மாசம். "ஒரு எட்டு சீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிட்டு வருவோம்" என்று புருஷன் சூசை கெஞ்சிப் பார்த்துவிட்டான்.

"போயி என்ன ஆகப்போகுது? எனக்குன்னு எழுதினதுதான் நடக்கும்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அப்படிப்பட்டவளிடம் கொண்டுபோய்க் கோழியையும் முட்டையையும் வைத்தால்?

"நெஞ்சுல ஈரமிருக்கா இவளுக்கு? நொந்து கிடக்கவளைப் போயி நோண்டுதா" என்றாள் எதிர்வீட்டு அருள்செல்வி, ஏசம்மாள் காதில் விழும்படியே.

ஏசம்மாள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "எனக்குச் சோலி கிடக்கு" என்று போயே போய்விட்டாள்.

வேறு வழியில்லாமல் அன்னத்தாய் ஒரு பெட்டியில் மணலைப் பரப்பினாள். இடிக்கு முட்டை கெட்டுப்போகாமலிருக்க ஒரு கரித்துண்டும் ஆணியும் போட்டாள். ஒவ்வொரு முட்டையாக எடுத்து வைத்துக் கோழியை மேலே ஏற்றிவிட்டாள்.

பத்தாம் நாள் இரை தின்ன எழுந்த கோழி திரும்பி வரவில்லை.

அன்னத்தாய் மூச்சிரைக்க ஏசம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "அக்கா, நான்தான் அன்னைக்கே சொன்னேனே! கோழி எங்கேயோ போயிட்டு. முட்டை ஆறுது. வந்து பாருங்கக்கா!"

புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த ஏசம்மாள் தலையைத் தூக்கவில்லை.

"வச்சது நீ. நீயே பாரு."

"எனக்கு என்னக்கா தெரியும்?"

"எனக்கு மட்டும் என்ன தெரியும்? இங்க நின்னு அழுத நேரத்துக்குத் தேடியிருக்கலாம். போ."

அன்னத்தாய்க்குக் கோபம் வந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் வந்த கோபம், நன்றாகவே வந்தது. விடுவிடுவென்று வீட்டுக்கு வந்து முட்டைகளைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இருந்தது. பழைய சேலையில் பொதிந்து அடுப்படியில் வைத்தாள். ஒரு கை கம்பை அள்ளிக்கொண்டு, "பா... பா..." என்று வீடு வீடாகக் கொல்லைப்புறத்தில் தேடினாள். எந்த வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று அன்றைக்கு அவள் பார்க்கவில்லை. ஒரு வைக்கோல் படப்புக்கு அடியில் கோழி அகப்பட்டது.

அதற்குப் பிறகு அவளே அதை இறக்கி இரை வைத்தாள், அவளே திரும்ப ஏற்றினாள். மலைப்பக்கம் இடி இடித்தால் பெட்டியை வீட்டுக்குள் தூக்கி வைத்துக் காவல் இருந்தாள்.

இருபத்தோராம் நாள் ஏழு குஞ்சு பொரித்தது. நாலு பொரிக்காமல் கூமுட்டையாகிவிட்டது.

அந்த நாலையும் ஏந்திக்கொண்டு ஏசம்மாளிடம் போனாள். "நாலு போயிட்டுக்கா."

"கொண்டா."

ஏசம்மாள் தன் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்தடிக்குப் போய்க் குழி தோண்டினாள். மண்ணைக் கிளறக் கிளறப் பழைய முட்டை ஓடாக வந்தது.

"இதெல்லாம் யாரு வச்சதுக்கா?"

"வேற யாரு? இந்த ராசிக் கைதான்."

"தெருவுல அப்படிச் சொல்லலையே!"

"அவுக வீட்டுலயும் கூமுட்டை போகத்தான் செய்யுது. குஞ்சை எண்ணுற சந்தோஷத்துல அதை மறந்துருதாக."

அன்னத்தாயும் குனிந்து மண்ணைத் தள்ளிக் குழியை மூடினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, நாளைக்கு சீவில்லிபுத்தூருக்கு மொத பஸ்ஸு எப்ப? நீங்களும் வாரீகளா?"

ஜெர்மன் சண்டைக்காலம்; பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ். நின்று நின்று, புகையைக் கக்கிக்கொண்டு போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் வயசான நர்ஸம்மா நோட்டைத் திறந்தாள்.

"எத்தனாவது பிள்ளை?"

இந்தக் கேள்விக்கு எப்போதும் தலையைக் குனிகிறவள், இன்று நிமிர்ந்து சொன்னாள். "மூணாவதும்மா. மொத ரெண்டும் தங்கல. இதைத் தங்க வைக்கணும். நான் என்னென்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யுதேன்."

நர்ஸம்மா எழுதி முடித்து நிமிர்ந்தாள். பின்னால் நின்றவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அட, ஏசம்மாளா! பெரியவன் சௌக்கியமா?"

வேண்டாம் என்று ஏசம்மாள் கண்ணைக் காட்டுவதற்குள் நர்ஸம்மா அன்னத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டாள்.

"நீ தைரியமா இரு தாயி. இவிய மொத மொத எங்கிட்ட வந்தப்ப, நாலு பிள்ளைய மண்ணுக்குக் கொடுத்துட்டு அஞ்சாவதைச் சுமந்துக்கிட்டுல்ல வந்தாக!"