மைனஸ் பக்கத்து வீடு

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டது.

யாரோ என்ன யாரோ, அங்கே இருப்பது ஒரே ஆள். மைனஸ்.

பெயர் நான் வைத்தது. இந்தக் குடியிருப்புக்கு வரைபடம் போட்டவள் நான்தான். ஒரு வீட்டை மட்டும் வரைந்தேன். நடுச்சுவரை ஒய் அச்சாக வைத்து அடுத்த வீட்டைப் பிரதிபலித்துவிட்டேன். என் அடுப்பு (2, 3) என்றால் அவர் அடுப்பு (-2, 3). சுவரிலிருந்து தூரம் ஒன்றேதான், குறிதான் வேறு. ஒரே மத்தியானத்தில் இரண்டு வீட்டு வேலை முடிந்தது. அந்தச் சோம்பேறித்தனத்துக்குள்தான் இப்போது குடியிருக்கிறேன்.

அவர் வந்து இரண்டு வருடமாகிறது. லிஃப்டில் பார்த்தால் தலையசைப்போம். அதோடு சரி.

தொண்டை கட்டி முந்தாநாளிலிருந்து எனக்குக் குரலே இல்லை. கூப்பிட முடியாமல் சுவரைத் தட்டினேன். பதில் இல்லை.

மாற்றுச் சாவி காவலாளியிடம் இருக்கும். கீழே ஓடினேன். என் சைகை புரிய அவருக்குக் கொஞ்ச நேரமானது. அதற்குள் விழுந்தவர் போய்விடுவாரே என்று எனக்குப் பதறியது.

கதவைத் திறந்ததும் என் கை வலப்பக்கம் சுவிட்சைத் தேடியது. வெறும் சுவர். வரைந்த கைக்கே குறியை மாற்ற மறந்துவிட்டது. இடப்பக்கம் தட்டினேன், விளக்கு எரிந்தது. நடையில் பகலிலும் இருட்டு. அதுவும் என் கைங்கரியம்தான்.

சமையலறையில், நடுச்சுவரை ஒட்டித் தரையில் கிடந்தார். மூச்சு இருந்தது. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

காவலாளி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். நான் அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தேன்.

ஒரு நாற்காலி. ஒரு தட்டு. கொடியில் ஒரே ஆள் துணி.

சத்தியமாக, நான் பிரதிபலித்தது வீட்டை மட்டும்தான்.

கையில் ஒரு டம்ளரை விடாமல் பிடித்திருந்தார். தண்ணீர் குடிக்க வந்து விழுந்திருப்பார் என்று நினைத்தேன். ஆனால் டம்ளரிலும் தரையிலும் ஒரு சொட்டு ஈரமில்லை.

கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"தினம் காலைல உன் வீட்டுக்காரரை வாங்கு வாங்குன்னு வாங்குவியேம்மா... ரெண்டு நாளா சத்தமே இல்ல. மனசு கேக்கல. டம்ளரைச் சுவத்துல வச்சுக் காது குடுத்துக்கிட்டே நின்னேன், தலை சுத்திடுச்சு. அவருக்கு ஒண்ணும் ஆகலியே?"

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. தினம் காலையில் திட்டு வாங்குவது அவர் படம்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒன்றும் ஆகவில்லை என்று தலையாட்டினேன்.