கேமராவைப் பார்த்தவள்

"இதை எழுதுனவன் எந்த ஊருல இருக்கறான் சார்? எனக்கு அவன் விலாசம் வேணும்."

டிக்கெட் கவுண்டரின் கம்பிக்குள் கையை விட்டு, கசங்கிப்போன ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை ஆட்டினார் கங்கப்பன். உள்ளே இருந்த தியேட்டர் மேனேஜர் ஆஸ்டினுக்கு அந்த முகம் நன்றாகவே பழக்கம். வெள்ளிக்கிழமை படம் வெளியானதிலிருந்து ஒரு ஆட்டம் விடாமல் வந்துகொண்டிருக்கிற ஆள். பாகலூர் ரோட்டு குடோனில் மூட்டை தூக்குகிறவர் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கழுத்தில் ஊதா நாடா போட்ட கம்பெனி அட்டை. போட்டோ இருக்கிற பக்கம் எப்போதும் நெஞ்சோடு ஒட்டித் திரும்பியிருக்கும்.

இந்த வயதில் இப்படி ஒரு ரசிகரா என்று ஆஸ்டினுக்குச் சிரிப்பு வந்தது. கூட்டிப் பெருக்கும் நாராயணம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"அந்தாளு கிட்ட நான் போவ மாட்டேன் சாமி. நல்லா உக்காந்து இருக்கறாரு, திடீர்னு திரைக்குள்ளேருந்து யாரோ கூப்ட்ட மாதிரி எந்திரிச்சு கையாட்டறாரு. தெனமும் அதே எடம். எனக்கு ஒடம்பெல்லாம் ஜில்லுனு ஆயிப்போவுது."

அது கதாநாயகன் கம்பெனி வாசலில் நின்று நீளமாக வசனம் பேசுகிற இடம். போச்சம்பள்ளிப் பக்கம் போன வருஷம் எடுத்தது.

"பேப்பர்காரங்க எல்லாருமேதான் திட்டியிருக்காங்க. நீங்க ஏன் ஒருத்தர் மேல மட்டும் பாயறீங்க?" என்றார் ஆஸ்டின். "ஒருத்தர் ரெண்டரை மணி நேர தண்டனைன்னு எழுதியிருக்காரு. இன்னொருத்தர், ஹீரோ வாயைத் தொறந்தாலே வில்லன் மேல பரிதாபம் வருதுங்கறாரு."

"அதெல்லாம் கரெக்ட்டுதான் சார். படம் எனக்கும்தான் புடிக்கல."

ஆஸ்டின் நிமிர்ந்து பார்த்தார். கங்கப்பன் பேப்பரை விரித்து, ஒரு வரியின் அடியில் காய்ப்பேறிய விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"கம்பெனி வாசல் காட்சியில்... கூட்டத்தில் நிற்கும் ஒரு பெண்... கேமராவைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். எடிட்டர் தூங்கிவிட்டாரா?" விரல் அங்கேயே நின்றது. "இதான் சார். இது பொய்யி."

"பொய்யோ நெசமோ, இனி அது இல்லீங்க. விமர்சனத்தைப் பாத்துட்டு படக்கம்பெனி அந்த சீனையே வெட்டிடுச்சு. புது காப்பி காலையில வந்தாச்சு. மத்தியான ஆட்டத்துலேருந்து அதான்."

கங்கப்பன் கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பழசு?"

"அழிக்கணும்."

"அழிச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"ஒரே ஒரு ஆட்டம் சார். கடைசியா ஒரு வாட்டி பழசைப் போடுங்க. அப்புறம் நான் இந்தப் பக்கமே வர மாட்டேன்."

"தெரிஞ்சா என் வேலை போயிடும்ங்க."

கங்கப்பன் மேற்கொண்டு கெஞ்சவில்லை. பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, ஆஸ்டினையே பார்த்துக்கொண்டு நின்றார். ரசிகர்களின் கண்களை ஆஸ்டின் நிறையப் பார்த்திருக்கிறார். இது அந்த மாதிரிக் கண் இல்லை.

மத்தியான ஆட்டத்துக்குப் பதினோரு பேர்தான் வந்திருந்தார்கள். ஆஸ்டின் பழைய காப்பியையே ஓட விட்டார். ஏன் விட்டோம் என்று அவருக்கே விளங்கவில்லை. இடைவேளை முடிந்ததும் இருட்டில் தடவித் தடவிப் போய்க் கங்கப்பன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

கம்பெனி வாசல் வந்தது. கதாநாயகன் பேசிக்கொண்டே இருந்தான். பின்னால் ஊதா நாடா போட்ட பெண்கள் ஒரே மாதிரி விறைத்து நின்றார்கள். வாரலீவு நாளில் நிஜக் கம்பெனிப் பெண்களையே கூட்டி வந்து நிற்க வைத்திருந்தார்கள்.

மூன்றாவது வரிசையில் ஒருத்தி சட்டென்று திரும்பினாள். பல் தெரியச் சிரித்தாள். இரண்டு விநாடி இருக்கும். ஆஸ்டினுக்கு, அவள் தன்னையே பார்ப்பது போல இருந்தது.

பக்கத்தில் கங்கப்பன் எழுந்து நின்றிருந்தார். கை மேலே போயிருந்தது.

காட்சி மாறியதும் உட்கார்ந்தார். ஆஸ்டின் மெதுவாகச் சொன்னார்: "பேப்பர்காரர் எழுதுனது சரிதானேங்க? கேமராவைப் பாக்கக் கூடாதுன்னு சொல்லித்தானே நிக்க வெப்பாங்க. இந்தப் பொண்ணு நேரா பாக்குது."

கங்கப்பன் கழுத்து அட்டையைத் திருப்பிக் காட்டினார். திரையின் வெளிச்சம் அதன் மேல் விழுந்தது. அதே பெண். ஆனால் சிரிப்பு இல்லை.

"கவிப்ரியா. எம் பொண்ணு. பொங்கலுக்கு முன்னாடி கிருஷ்ணகிரி ரோட்டுல கம்பெனி வேன் கவுந்துச்சே சார், அதுல..." அட்டையின் ஓரத்தைப் பெருவிரலால் தடவினார். "ஊட்ல மாலை போட்டு வெச்சிருக்கறதும் இந்த போட்டோதான். கம்பெனி அட்டைக்குச் சிரிக்கக் கூடாதுன்னு சொல்லி எடுத்தாங்களாம். வேற போட்டோ இல்ல."

ஆஸ்டின் அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திரையில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்கி ஷூட்டிங்குக்கு அவளுக்குச் சோறு எடுத்துக்கிட்டுப் போயிருந்தேன். உள்ளாற உடல. கேமராவுக்குப் பின்னால கயிறு கட்டியிருந்தாங்க. அங்கேருந்து கேரியரைத் தூக்கிக் காட்டிக் கையாட்டினேன்."

அட்டையை மறுபடி நெஞ்சோடு திருப்பி வைத்துக்கொண்டார்.

"அவ கேமராவைப் பாக்கல சார். என்னைப் பாத்தா."