ரிசார்ட்டுக்குப் போன கேரல்

"பேசின பணம் முழுசா வந்துடும்னு சொல்றேன்ல, அப்புறம் என்ன? நீங்க கிளம்பலாம்" என்றாள் ரிசார்ட் மேனேஜர் வனிதா.

புல்வெளியில் சிவப்புத் தொப்பி மாட்டிக்கொண்டு நின்ற பேண்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எல்லோரும் பக்கத்து மலைக்கிராமமான மஞ்சக்குட்டையைச் சேர்ந்தவர்கள். ஜீப் ஓட்டுவது, மிளகு பறிப்பது என்று ஆளுக்கொரு பிழைப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம், பித்தளைக் குழல்களைத் துடைத்து எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கேரல் பாட்டு வாசிக்கப் போவார்கள். காபியும் முறுக்கும்தான் கூலி. இந்த வருஷம்தான் முதல் முறையாக ஊரை விட்டுவிட்டு ரிசார்ட்டுக்கு வந்திருந்தார்கள்.

வந்து என்ன பிரயோஜனம்? கீழே சேலம் பக்கத்து மலைப்பாதையில் மரம் சாய்ந்துவிட்டது. சேலத்திலிருந்து வர வேண்டிய விருந்தாளி ஒருத்தரும் மேலே ஏறவில்லை. காலி நாற்காலிகளுக்கு எதிரே கிறிஸ்துமஸ் மரம் மட்டும் தன்பாட்டுக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"நெசமாத்தான் சொல்றீங்களா மேடம்?" சத்யராஜுக்கு வாயெல்லாம் பல். பேண்டிலேயே பெரிய குழல் அவனுடையது. "டேய் பிரவீனு, ஜீப்பை எட்றா! இப்பப் போனாக்கூட எல்லா ஊட்டுக்கும் வாசிச்சிரலாம்."

"யாரும் போக வேண்டாம்" என்றார் ஜீவானந்தம்.

பேண்டுக்குத் தலைவர் அவர்தான். டிரம்பெட் வாசிப்பார். பிழைப்பு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வேலை. ரிசார்ட் யாரையும் தேடிப் போகவில்லை. அவரே வந்து கேட்டு வாங்கிய வாய்ப்பு இது.

"ஏனுங்கண்ணா?"

"பேசுனா பேசுனதுதான். இருட்டுற வரைக்கும் வாசிக்கறோம்னு ஒத்துக்கிட்டோம்."

"யாருக்கு வாசிக்கறது? நாற்காலிக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜீவானந்தம் சிரிக்கவில்லை.

"சமையக்கட்டுல ஆளுங்க இருக்காங்கல்ல, அவங்களுக்கு வாசிப்போம்."

சத்யராஜின் முகம் சுருங்கிவிட்டது. "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. ஓசியில வாசிச்ச வரைக்கும் ஊரே நம்ம ஊடு மாதிரி இருந்துச்சு. என்னிக்கு இங்க வந்து விலை பேசுனீங்களோ, அன்னியிலிருந்து ஊர்ல அவனவன் பேசறதைக் காது குடுத்துக் கேக்க முடியலீங்க. இந்த வருசம் ஊரோட இருந்தா உங்க மனசுக்கும் நல்லதுன்னுதான் நாங்க பாக்கறோம்."

மற்றவர்கள் தொப்பிகளைக் கழற்றி நாற்காலிகளில் மாட்டிவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார்கள்.

ஜீவானந்தம் அவசரமாக வனிதாவிடம் வந்தார்.

"மேடம், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. பேண்டு இருந்தே ஆகணும்னு மேலிடத்துல சொல்றாங்கன்னு ஒரு பொய் சொல்லுங்க. நீங்க சொன்னா நிப்பானுங்க."

வனிதாவுக்கு எரிச்சலாக வந்தது. இப்படித் தலையைச் சொறிந்துகொண்டு கூடக் கொஞ்சம் கறக்கப் பார்க்கிற ஆட்களை அவள் தினமும் பார்க்கிறவள்.

"இங்க பாருங்க சார், கூட நேரம் நின்னா கூடக் காசு கிடைக்காது. டிப்ஸ் குடுக்கவும் ஆள் இல்ல."

"காசே வேண்டாமுங்க. எம் பங்கை நீங்களே வெச்சுக்கங்க. அவங்களுக்கு மட்டும் குடுத்திருங்க."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். டிரம்பெட்டை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐயோ பாவம் என்றிருந்தது.

"ஊர்ல யார் கூடயாவது சண்டையா?"

"அதெல்லாம் இல்லீங்க. எல்லாருமே தங்கமான மனுசங்க."

"அப்படின்னா நீங்க மட்டும் இங்க இருங்களேன். அவங்க போய் வாசிக்கட்டும்."

"நான் போகாட்டியும் அவங்க போவாங்களே மேடம்!"

ஜீப் உறுமியது. "அண்ணா, வர்றீங்களா இல்லீங்களா?" என்று சத்யராஜ் கத்தினான்.

ஜீவானந்தம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அந்தந்த வருசம் சாவு விழுந்த ஊட்டு முன்னால எங்க பேண்டு வாசிக்காதுங்க, குழலையெல்லாம் கீழ தாழ்த்திக்கிட்டுச் சத்தமில்லாமத் தாண்டிப் போயிரும், அது மரியாதைன்னு அந்த வழக்கத்தைக் கொண்டாந்தவனே நாந்தானுங்க. இந்த வருசம் மஞ்சக்குட்டையில அப்படித் தாண்டிப் போக வேண்டிய ஊடு ஒண்ணே ஒண்ணுதான் மேடம்... எங்க ஊடு, எம் பொண்ணு ஷெர்லின் பாப்பா இல்லாத ஊடு. வாசல்ல அவங்கம்மா உக்காந்திருக்குது."