ஆள்காட்டி முட்டை பொரிக்கும் வரை

"நாயகி, உதுக்குள்ளை இன்னும் எவ்வளவு நேரம் இருக்கப்போறாய்? பத்து மணிக்கு எழுத்து."

வரம்பில் நின்று தம்பிஐயா போட்ட சத்தம் குருவியை ஒளிந்திருந்து படமெடுக்கக் கட்டிய ஓலைக் கிடுகுக் கூட்டுக்குள் தெளிவாகக் கேட்டது. உள்ளே குந்தியிருந்தவள் வாய் திறக்கவில்லை. எட்டடி தள்ளி, அறுவடை முடிந்த வயலின் வெறுந்தரையில் ஆள்காட்டிக் குருவி முட்டைகளின் மேல் இருந்தது. ஒரு குரல் கேட்டால் போதும், ஊரைக் கூட்டிக்கொண்டு எழும்பிவிடும்.

"அவள் கதைக்க மாட்டாள் அண்ணை," என்றாள் பக்கத்தில் நின்ற மீனாம்பிகை. "வீட்டிலை என்னோடை வாய் ஓயாமல் கதைப்பாள். உதுக்குள்ளை பூந்தால் ஊமை. பெத்த தாயைவிடக் குருவி பெரிசு."

மீனாம்பிகையின் ஒரே மகள் செல்வநாயகி முப்பத்தாறாம் ஆண்டு லண்டன் பி.எஸ்ஸி. சித்தியெய்தியவள். அந்த ஊரில் பட்டம் பெற்ற முதல் பெண். படிப்பிக்கிற நேரம் போக, பங்குனி தொடக்கம் கமராவும் கையுமாகப் பறவைகளுக்குப் பின்னால் திரிந்தாள். மாம்பழத்தான், மீன்கொத்தி, தூக்கணாங்குருவி எல்லாம் படமாகிவிட்டன. ஆள்காட்டிக் குஞ்சு முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வருவதுதான் மிச்சம். அது இன்றைக்கு. கலியாண எழுத்தும் இன்றைக்கு.

மாப்பிள்ளை, தம்பிஐயாவின் மகன். மனைவி செத்து எட்டு மாதம், மூன்று பிள்ளைகள். அவர்களுக்குச் சோறு தீத்தவும் பாடம் சொல்லிக்கொடுக்கவும் ஒரே ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? தங்கையின் மகள் தமையனின் மகனுக்கு உரிமைப்பட்டவள் என்றார் தம்பிஐயா. செல்வநாயகி மாட்டேன் என்று சொன்னது அவர் காதில் ஏறவில்லை. இரண்டு கிழமையாக அவளைத் தனியே படலைக்கு வெளியில் விடவுமில்லை. எழுத்து முடிந்தபின் கமராவைத் தொடக்கூடாது என்பது அவருடைய கட்டளை. கடைசியாக இந்த ஒரு காலையைத் தந்திருந்தார். அதற்கும் தானே காவலாக வந்து நின்றார்.

"மற்றப் பெட்டை எங்கை?" என்று திடீரென்று கேட்டார்.

உள்ளே இருந்தவள் கிடுகு இடுக்கிலிருந்து முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கமலாவதியோ? அவளுக்குப் பள்ளிக்கூடம். ஏழு மணிக்கே குடையைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாள். நீங்களும் கண்டனீங்கள்தானே?"

கண்டார்தான். இரண்டு பேர் கூட்டுக்குள் போய் ஒருத்தி திரும்பி நடந்தால், ஆட்கள் போய்விட்டார்கள் என்று நம்பிக் குருவி முட்டைக்கு வந்துவிடும். செல்வநாயகியோடு படிப்பிக்கிற கமலாவதி அதற்காகவே வழக்கமாகக் கூட வருவாள்.

வெயில் ஏறியது. குருவி எழும்பிப் போய், வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, சூடேறிய முட்டைகளின் மேல் ஈரத்தோடு இருந்தது. ஒரு முட்டையில் கீறல் விழுந்திருந்தது. உள்ளே இருந்தவள், சொல்லித்தந்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு கமராவின் விசையை அழுத்தினாள். படம் எப்படி வரப்போகிறதோ. இந்தக் காலையில் அவள் கவலை அதுவல்ல.

தம்பிஐயா இரண்டு தரம் கூட்டை நோக்கிக் கால் வைத்தார். இரண்டு தரமும் மீனாம்பிகை மறித்தாள். குருவி கலைந்தால் முட்டை வெயிலில் அவிந்துபோகும், எழுத்து நாளில் அந்தப் பாவம் நமக்கு எதற்கு என்றாள். மகளைப் படிப்பிக்கச் சொன்ன வாத்தியாரைத் திட்டினாள். கமராவைத் திட்டினாள். கையெழுத்து விழட்டும், அந்தப் பெட்டியை நானே கிணற்றில் போடுகிறேன் என்று ஊருக்குக் கேட்கச் சொன்னாள். உள்ளே இருந்தவளுக்குத் தம்பிஐயாவைவிட இவளிடம்தான் பயம் கூடியது. இவள் கண்ணில் பட்டால் எல்லாம் முடிந்தது.

ஒன்பதரைக்குச் சுன்னாகம் பக்கத்தில் கொழும்பு ரயில் கூவியது. கொஞ்ச நேரத்தில் அதன் இரைச்சல் தெற்கே போய்த் தேய்ந்தது.

"ரயிலும் போயிட்டுது. பதிவுகாரர் வந்து குந்தப்போறார். போதும், விளையாட்டுக் காணும்."

தம்பிஐயா விறுவிறென்று இறங்கி நடந்தார். குருவி அலறிக்கொண்டு மேலே கிளம்பிச் சுற்றியது. உள்ளே இருந்தவள் சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு முழங்காலுக்குள் தலையைப் புதைத்தாள். காலடி கிட்ட வந்தது. பத்தடி. ஐந்தடி.

"நில்லுங்கோ அண்ணை," என்று மீனாம்பிகை மூச்சிரைக்க ஓடிவந்து அவரை முந்தினாள். "குமர்ப்பிள்ளை. புழுக்கத்திலை உடுப்பை என்ன கோலத்திலை வைச்சிருக்கிறாளோ? அங்காலை திரும்பி நில்லுங்கோ, நான் பாக்கிறன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டு திரும்பி நின்றார். மீனாம்பிகை கிடுகை விலக்கித் தலையை உள்ளே நீட்டினாள். முகத்தை மூடியிருந்த தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

உள்ளே இருந்தவள் கமலாவதி.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தாய்க்காரியின் ஓலத்துக்குக் காத்திருந்தாள். ஓலம் வரவில்லை. தலைப்பு மறுபடியும் அவள் முகத்தில் விழுந்தது. காதருகே மூச்சுக் காற்றுப் பட்டது.

"ஏழு மணிக்குக் குடைக்குக் கீழை போனது ஆர் எண்டு நடையிலையே கண்டுட்டன்," என்றாள் மீனாம்பிகை மெதுவாக. "அவள் ஏறின கொழும்பு வண்டி ஆனையிறவு தாண்டுமட்டும் அண்ணையை நான் பாத்துக்கொள்ளுறன். நீ அசையாதை பிள்ளை."