தேய்மானம்

"நல்லாத் தேஞ்சிருக்கும். சரியாப் பாருங்க."

மூன்றாவது முறையாகச் சொல்கிறார். விற்க வந்தவரே அவர்தான்.

கணவரின் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

ஏமாந்துவிடுவார் என்றுதான் கூட வந்தாள். பழைய பேப்பர்காரனிடமே பேசத் தெரியாத மனிதர். ஆனால் இசைக்கருவிக் கடை முக்காலியில் உட்கார்ந்து தன் பொருளைத் தானே மட்டம் தட்டுவார் என்று அவள் நினைக்கவில்லை.

கடைக்காரர் மாண்டலினை வெளிச்சத்துக்குத் திருப்பினார். எட்டுத் தந்திகளையும் தளர்த்தி ஒதுக்கினார். கழுத்தில் பதித்திருந்த குறுக்குக் கம்பிகள் ஒவ்வொன்றின் மேலும் நகத்தை ஓட்டினார்.

நகம் எங்கும் தடுக்கவில்லை.

"கல்கத்தா உருப்படிம்மா. அம்பது வருசம் இருக்கும். இந்தக் குறுக்குக் கம்பியெல்லாம் முதல்ல போட்டதுதான். வாசிச்சிருந்தா தந்தி அழுந்தி அழுந்தி இங்கெல்லாம் பள்ளம் விழுந்திருக்கும். ஒரு கீறல் இல்ல. இதுக்கு ரெண்டு மடங்கு தர ஆள் இருக்கு."

"வாசிச்சதுதான்" என்றார் கணவர்.

"சார், நான் ஏத்துறேன், நீங்க இறக்குறீங்க. வாங்க, இடம் மாறி உக்காருவோம்."

அவர் சிரிக்கவில்லை.

அவள் பல்லைக் கடித்தாள். எதில் பிடிவாதம் பிடிப்பது என்று ஒரு கணக்கு வேண்டாமா? மெல்லிசைக் குழுவில் வாசித்தவர்தான். சனிக்கிழமைதோறும். இருபத்திரண்டு வருடம். கல்யாண வரவேற்பு, பின்வரிசை நாற்காலி. யார் இல்லை என்றது? அதை இந்தக் கடைக்காரரிடம் நிரூபித்து என்ன ஆகப்போகிறது? வருகிற விலையை வாங்கிக்கொண்டு எழுந்து போகவேண்டியதுதானே.

முழங்கால் வலி வந்ததும் போவதை நிறுத்தினார். சின்ன வீட்டுக்கு மாறும்போது இது எதற்கு என்று அவள்தான் கேட்டாள்.

நானும் கச்சேரிக்கு வருகிறேன் என்று ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாள். சாப்பாட்டுக்கு வந்ததாக நினைப்பார்கள் என்றார்.

வீட்டில் வாசிக்கச் சொன்னால், பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பார்.

பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்கும் போனார்கள்.

கடைக்காரர் பெட்டியை இழுத்துப் பார்த்தார். மூலைகளில் தோல் உரிந்து அட்டை தெரிந்தது. கொக்கி ஆடியது.

"பெட்டிக்கு ஒண்ணும் போட முடியாதும்மா. பாவம், இதுதான் உழைச்சிருக்கு."

மேலே மின்விசிறி கிறீச்சிட்டது.

அவள் பெட்டியைப் பார்த்தாள்.

கைப்பிடி இரண்டு முறை அறுந்தது. இரண்டு முறையும் கோணி ஊசியால் அவள்தான் தைத்தாள். இரண்டாவது முறை ஊசி கட்டைவிரலில் ஏறிவிட்டது. நாளைக்குச் சனிக்கிழமை என்று அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

பிறகு மாண்டலினைப் பார்த்தாள்.

பிறகு தந்தியை அழுத்தும் அவருடைய இடது கையை.

விரல்களை உள்ளே மடக்கி வைத்திருந்தார்.

கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு ரசீதின் பின்புறம் இரண்டு தொகைகளை எழுதி இருவருக்கும் நடுவே தள்ளினார்.

"இது வாசிச்சதுக்கு. இது வாசிக்காததுக்கு. ரெண்டு பேரும் பேசி ஒண்ணைச் சொல்லுங்க. எனக்கு வேற வேலை இருக்கு."

"இல்லைங்க, அது வாசிச்..."

அவர் முடிக்கவில்லை. அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவுமில்லை.

பெட்டியை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள். தையலின் மேல் விரலை ஓட்டினாள். நூல் இன்னும் விடவில்லை.

"வாசிக்காததுக்கே போடுங்க."