அசையாத கோடு

அப்பா பிடித்துக்கொண்டு குளியலறைவரை நடப்பதற்காகச் சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்தச் சொல்லியிருந்தாள் பூங்கோதை. வேலைக்கு வந்த இருதயராஜ், லேசர் கருவியை முக்காலியில் வைத்து முடுக்கினான். இடுப்பு உயரத்தில் ஒரு பச்சைக் கோடு சுவர் நெடுக ஓடியது. வழியில், தலையணைகளில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்த அப்பாவின் மார்பின் மேலும் ஏறிக் கடந்தது.

"கட்டில நகத்தணுமா?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள்.

"வேணாங்க்கா, தூங்கட்டும். மொதல்ல குறிச்சுக்கிறேன்."

சுவரில் அசையாமல் கிடந்த கோடு, போர்வையின் மேல் மட்டும் நெளிந்தது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. வேலையில் இறங்கிவிட்டால் இருதயராஜுக்குக் கோட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. முக்காலியின் ஒரு காலுக்கு அடியில் அட்டைத் துண்டைச் செருகினான். அப்போதும் நெளிந்தது. திருகை இறுக்கினான். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு குனிந்து, கண்ணிமைக்காமல் காத்திருந்தான்.

நெளிவு மெல்லக் குறைந்தது. பிறகு இல்லை.

"நின்னுடுச்சுக்கா," என்றான் திருப்தியோடு. "இனிமே அசையாது."

பூங்கோதை ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். அவள் சுவரைப் பார்க்கவில்லை.