சந்தனம் படாத லென்ஸ்

ஆயுதபூஜைக் காலை. அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் ஓய்ந்த தெருவில், ஸ்டுடியோ வாசல் வழியாகச் சாய்ந்து இறங்கும் வெயில் மேஜைமேல் இருக்கிற கேமராவில் விழுகிறது. பாலாமணி ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி, லென்ஸில் ஒட்டிய பஞ்சுத் தூசியை ஊதுகிறாள். வாயால் ஊதமாட்டாள், எச்சில் ஈரம் பட்டால் கண்ணாடியில் பூசணம் பிடிக்கும். பழைய மல்துணியை விரல்நுனியில் சுற்றி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டம் வட்டமாகத் துடைக்கிறாள். பக்கத்தில் திறந்திருக்கும் பிஸ்கட் டப்பாவுக்குள், ஈரத்தை இழுக்க வறுத்த அரிசி முடிச்சு ஒன்று கிடக்கிறது. சுவரில் மாலையோடு தொங்குகிறான் அவள் கணவன் சௌடப்பன். போன வருஷம் வரை இந்தக் கேமராவோடு திருச்சுழிப் பக்கமெல்லாம் கல்யாண வீடுகளுக்குப் போய்வந்தவன். மாமனார் திம்மையா, தறிகளுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே வந்து, லென்ஸை நோக்கி விரலை நீட்டுகிறார். அவள் கேமராவை மார்போடு அணைத்துக்கொள்கிறாள். "எம் மகன் பொருளும்மா. பொட்டு வச்சு அவன் படத்துக்குக் கீழயே வச்சிருவோம். இனி யாரு எடுக்கப் போறா?" என்று வீட்டுக்குள் பேசுகிற கன்னடத்தில் தணிவாகத்தான் கேட்கிறார். தெருவுக்கும் கேட்கட்டும் என்று அவள் தமிழில் பதில் சொல்கிறாள். "நான் எடுப்பேன் மாமா. நாளைக்கு வீரசோழன் ஊர்ல பாய் வீட்டுக் கல்யாணம், நாந்தான் போறேன். இதுல சந்தனம் பட்டா படம் பூரா கலங்கிப்போகும். பொட்டு வைக்கணும்னா எனக்கு வைங்க. வேலை பாக்குறது நாந்தான்." எதிர்க்கடையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். சௌடப்பன் போன நாளிலிருந்து பொட்டில்லாத நெற்றியை, சந்தனம் காய்ந்துகொண்டிருக்கிற அவர் விரலுக்கு நேராக நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.